கட்டைக்கூத்தில் கேட்டல்

கட்டைக்கூத்தில் கேட்டல் என்பது, வட தமிழ்நாட்டின் இரவு முழுவதும் நிகழும் கூத்து மரபில், நடிகர்களும் இசைஞர்களும் ஒருவரை ஒருவர் செவியாலும் உடலாலும் பின்தொடர்ந்து ஆட்டத்தை அவ்வப்போதே உருவாக்கும் திறனைக் குறிக்கும். கூத்தில் பாடல்களும் கதையும் பெரும்பாலும் முன்பே அமைந்தவை. ஆனால் ஒரு பாடலை எத்தனை முறை திருப்பிப் பாடுவது, எந்த இடத்தில் சுழன்றாடுவது, உரையாடலை எவ்வளவு நேரம் வளர்ப்பது என்பன களத்திலேயே முடிவாகின்றன. இம்முடிவுகளைச் சொல்வதற்கு இயக்குநரோ, எழுதிய குறிப்போ களத்தில் இல்லை. எனவே கேட்டல் இங்கு ஆட்டத்துக்கு முன் நிகழும் ஆயத்தம் அன்று. ஆட்டத்தின் ஒரு பகுதியே ஆகும்.

தெருக்கூத்து, கட்டைக்கூத்து என்னும் இரு பெயர்களும் இம்மரபுக்கு வழங்குகின்றன. அரசர்களும் வீரர்களுமான முதன்மைப் பாத்திரங்கள் அணியும் கிரீடம், புயகீர்த்தி, மார்புப் பதக்கம் முதலிய மர அணிகலன்களுக்குக் 'கட்டை' என்று பெயர். அதனால் கட்டைக்கூத்து என்னும் பெயர் ஏற்பட்டது. கலைஞர்களுள் ஒரு சாரார் இப்பெயரையே விரும்புகின்றனர். மற்றொரு சாரார் தெருக்கூத்து என்றே வழங்குகின்றனர்.

நிலப்பரப்பு

பழைய தொண்டை மண்டலத்தைச் சேர்ந்த காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலை, வேலூர், இராணிப்பேட்டை, விழுப்புரம் முதலிய மாவட்டங்களில் இக்கூத்து நிகழ்த்தப்படுகிறது. கல்பாக்கம், மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செய்யூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய செங்கல்பட்டு மாவட்டம் 2019 ஆம் ஆண்டு காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. வங்கக் கடலை ஒட்டிய இப்பகுதி, கூத்து வழங்கும் நிலப்பரப்பின் கிழக்கு எல்லையாகும்.

கூத்துக்கு முதன்மையான களம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா ஆகும். இத்திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம் நடைபெறும். பிரசங்கியார் வில்லிபாரதம் முதலிய நூல்களிலிருந்து பாடிப் பொருள் கூறுவார். பகலில் செவியால் கேட்ட கதையை ஊரார் இரவில் கூத்தாகக் காண்பர். ஆகவே கூத்துக் களத்துக்கு வரும் பார்வையாளர் கதை அறிந்தவர். அவர் எதிர்பார்ப்பது அடுத்து என்ன நடக்கும் என்பதை அன்று. அன்றைய இரவில் அது எவ்வாறு நடக்கும் என்பதையே.

நிலையானதும் மாறுவதும்

ஒரு கூத்து ஏறத்தாழ இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும் வரை நிகழும். எட்டு மணி நேர நிகழ்ச்சி ஒன்றை முழுவதும் எழுதி மனப்பாடம் செய்து ஒப்பிப்பது இம்மரபின் வழக்கம் அன்று. கூத்தின் உறுப்புகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

- விருத்தம்: தாளம் இன்றி இராகத்தில் பாடப்படும் செய்யுள். சொற்கள் நிலையானவை, இழுத்துப் பாடும் கால அளவு பாடுபவரைப் பொறுத்தது.
- தரு: இராகமும் தாளமும் அமைந்த பாடல். சொற்கள் பெரும்பாலும் நிலையானவை. திருப்பிப் பாடும் எண்ணிக்கையும் வேகமும் மாறுபவை.
- வசனம்: பாடலின் பொருளை விரித்துப் பேசும் உரைநடை. இதன் பெரும்பகுதி களத்திலேயே உருவாகும்.
- ஆட்டம்: அடவுகள் கற்றுக்கொள்ளப்பட்டவை. அவற்றைக் கோக்கும் வரிசையும் நீளமும் அவ்வப்போது அமைபவை.

இவ்வாறு நிலையான பகுதியும் மாறும் பகுதியும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன. கருநாடக இசையில் மனோதர்மம் எனப்படுவதை இதனோடு ஒப்பிடலாம். ஆயினும் கூத்தில் மனோதர்மம் தனி ஒருவருடையது அன்று. ஒருவர் எடுக்கும் முடிவை மற்ற அனைவரும் அடுத்த தாள வட்டத்துக்குள் கேட்டு ஏற்றாக வேண்டும்.

இசைக்கருவிகள்

கூத்தின் இசைக்குழு ஆட்டக்களத்தின் பின்புறத்தில் அமர்ந்திருக்கும். பொதுவாக ஆர்மோனியம், மிருதங்கம், தோலக்கு, முகவீணை, தாளம் ஆகியவை இடம்பெறும். ஒவ்வொரு கருவியும் நடிகருக்கு வெவ்வேறு செய்தியைத் தருகிறது.

ஆர்மோனியம் சுருதியைத் தருகிறது. நடிகர்கள் மிக உயர்ந்த சுருதியில் பாடுவர். திறந்த வெளியில், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடைசி வரிசை வரை குரல் எட்டுவதற்கு இது உதவியது. முகவீணை நாகசுரத்தைவிடச் சிறிய, கூர்மையான ஓசையுடைய ஊதுகருவி. அது நடிகரின் குரலைத் தொடர்ந்து சென்று, அவர் மூச்சு வாங்கும் இடைவெளியை நிரப்புகிறது. மிருதங்கமும் தோலக்கும் காலடிகளுக்கு ஈடு கொடுக்கின்றன. தாளம் அனைவருக்கும் பொதுவான கால அளவைக் காட்டுகிறது.

நடிகரின் காலில் கட்டிய சலங்கையும் ஒரு கருவியே. சலங்கையின் வழியாக நடிகர் தம் அடிகளைத் தாமே கேட்கிறார். மிருதங்கம் வாசிப்பவரும் அதே ஒலியைக் கேட்டு நடிகரின் கால் எங்கு விழுகிறது என்பதை அறிகிறார். நடிகரின் முதுகு மட்டுமே இசைஞருக்குத் தெரியும் நேரங்களில் இந்த ஒலி மிகவும் இன்றியமையாதது.

ஓர் இரவின் ஓட்டத்தில் கேட்டல்

களரி கட்டுதல்

நடிகர்கள் வருவதற்கு முன் இசைக்குழு தனியே முழங்குவது களரி கட்டுதல் எனப்படும். இது ஊராரை அழைக்கும் அறிவிப்பாகும். அதே நேரத்தில், கோயில் முன்போ தெருக்கூடலிலோ உள்ள வெற்று நிலத்தை இது ஆட்டக்களமாக மாற்றுகிறது. மேடையோ சுவரோ இல்லாத இடத்தில் ஒலி கேட்கும் எல்லையே களத்தின் எல்லை ஆகிறது.

காற்று வீசும் திசையில் ஒலி கூடுதல் தொலைவு கேட்கும். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தொலைவு செல்லும். பக்கத்து ஊரில் நிகழும் கூத்தின் மத்தள ஓசை நள்ளிரவில் தெளிவாகக் கேட்பதற்கு இதுவே காரணம்.

வேடம் கட்டுதல்

நடிகர்கள் தமக்குத் தாமே ஒப்பனை செய்துகொள்வர். கட்டை அணிகலன்களைப் பூணும் வேடங்களுக்கு இது நீண்ட நேரம் பிடிக்கும். வேடம் கட்டும் இடம் களத்துக்கு அருகிலேயே இருக்கும். ஆதலால் முகத்தில் அரிதாரம் பூசும் நேரத்திலேயே நடிகர் களத்தின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார். அன்றைய சுருதி எவ்வாறு உள்ளது, பார்வையாளர் எங்குச் சிரிக்கின்றனர், எங்குச் சலிக்கின்றனர் என்பவற்றை அவர் களம் புகும் முன்பே அறிந்திருப்பார்.

திரை

முதன்மைப் பாத்திரம் களத்தினுள் நுழையும்போது இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பர். நடிகர் திரைக்குப் பின் நின்று பாடுவார், ஆடுவார். பார்வையாளருக்கு முதலில் கிடைப்பது குரலும் சலங்கை ஒலியும் மட்டுமே. கிரீடத்தின் மேற்பகுதியும் பாதங்களும் இடையிடையே தெரியும். இவ்வாறு பாத்திரம் முதலில் கேட்கப்பட்டுப் பின்னரே காணப்படுகிறது. திரையின் மறைவில் நிற்கும் நடிகரும் பார்வையாளரைக் காண்பதில்லை; அவர்களின் ஆரவாரத்தையோ அமைதியையோ கேட்கிறார். திரை விலகும் கணத்தை இசையின் ஏற்றமே தீர்மானிக்கிறது.

பின்பாட்டு

நடிகர் பாடும் ஒவ்வோர் அடியையும் இசைஞரும் மற்ற நடிகர்களும் திருப்பிப் பாடுவது பின்பாட்டு ஆகும். இதுவே கூத்தில் கேட்டலின் அடிப்படை அமைப்பு. நடிகர் பாடும்போது மற்றவர்கள் கேட்கின்றனர். மற்றவர்கள் பாடும்போது நடிகர் ஆடுகிறார். பாடிக்கொண்டே கடுமையாக ஆடுவது மூச்சுக்குப் பெரும் சுமை. பின்பாட்டு அச்சுமையைப் பகிர்ந்துகொள்கிறது.

பின்பாட்டின் வலிமை ஆட்டத்தின் வலிமையையும் பாதிக்கிறது. தம் அடி பல குரல்களில் திரும்பி வரும்போது நடிகர் அதனை இன்னொரு முறை எடுக்கிறார், வேகம் கூடுகிறது. பின்பாட்டு தளர்ந்தால் அவர் பாடலை முடித்து வசனத்துக்குச் செல்கிறார். விடியற்காலையில் அனைவரும் களைத்திருக்கும் நேரத்தில் ஒரு கூத்து எழுவதும் விழுவதும் பெரும்பாலும் பின்பாட்டைப் பொறுத்தே அமையும்.

கட்டியக்காரன்

கட்டியக்காரன் கூத்தின் நகைச்சுவைப் பாத்திரம். காவலன், தூதன், பணியாள் எனப் பல வேடங்களை ஏற்பவன். களத்தில் தோன்றும் அரசனைப் பார்த்து அவன் யார், எந்த நாட்டவன், எதற்காக வந்தான் என வினவுவான். அரசன் சொல்லும் விடையிலிருந்து அடுத்த வினா பிறக்கும். ஊர்ச் செய்தி, விலைவாசி, பார்வையாளர் கூட்டத்திலிருந்து எழும் குரல் ஆகியவற்றையும் அவன் உரையாடலுக்குள் இழுப்பான். எனவே கட்டியக்காரன் களத்துக்குள்ளும் வெளியிலும் ஒரே நேரத்தில் செவி கொடுப்பவன் ஆவான். அனுபவம் வாய்ந்தவர்களே இவ்வேடத்தைச் சிறப்பாகச் செய்ய இயலும் என்று கருதப்படுவதற்கு இது ஒரு காரணம்.

உடலியல் அடிப்படை

கேட்டல் செவியில் மட்டும் நிகழ்வது அன்று. ஆழ்ந்த ஓசைகளின் அதிர்வு தோலாலும் எலும்பாலும் உணரப்படும். மத்தளத்துக்கு அருகில் நிற்பவர் அதன் இடந்தலை ஓசையை மார்பிலும் காலடியிலும் உணரலாம். வெறுங்காலுடன் மண்ணில் ஆடும் நடிகருக்கு இவ்வுணர்வு கூடுதலாகும்.

சீரான தாளத்தைக் கேட்கும்போது, உடல் அசையாமல் இருந்தாலும், மூளையில் இயக்கத்துக்குரிய பகுதிகள் செயல்படுகின்றன என்பது நரம்பியல் ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளது. தாளத்தைக் கேட்பவர் அடுத்த தட்டை எதிர்நோக்குகிறார். ஒலி வந்த பின் அதற்கு எதிர்வினை ஆற்றுவதில்லை. நடிகரின் பாதம் தட்டின் மீது விழுவதும் இந்த எதிர்நோக்கினால்தான். ஒலி கேட்டபின் கால் தூக்கத் தொடங்கினால் காலம் தவறிவிடும்.

உட்செவியில் கேட்டலுக்குரிய நத்தை எலும்பும், உடற்சமநிலைக்குரிய அரைவட்டக் கால்வாய்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கூத்தில் நடிகர் களத்தைச் சுற்றி வேகமாகத் தொடர்ந்து சுழன்றாடுவது கிரிக்கி எனப்படும். இதில் சமநிலை உறுப்பு கடுமையான சோதனைக்கு உள்ளாகிறது. கண்ணுக்குக் காட்சிகள் கலங்கித் தோன்றும் இந்நேரத்தில், களத்தின் பின்புறம் ஓரிடத்திலிருந்து மாறாமல் வரும் இசை, திசை அறிய உதவும் குறியாகிறது. இரு செவிகளையும் ஒலி அடையும் நேரத்திலும் அளவிலும் உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டு மூளை ஒலியின் திசையைக் கணிக்கிறது.

அருச்சுனன் தபசு

கண்ணின் துணை இன்றிச் செவியால் மட்டும் ஆட்டம் இணைக்கப்படுவதற்கு அருச்சுனன் தபசு சிறந்த எடுத்துக்காட்டாகும். சிவனிடம் பாசுபதம் பெறுவதற்காக அருச்சுனன் தவம் செய்யும் இக்கூத்தில், களத்துக்கு அருகில் உயர்ந்த மரம் ஒன்று நடப்படும். இது தபசு மரம் எனப்படும். அருச்சுனன் வேடமிட்டவர் பாடிக்கொண்டே படிப்படியாக அதன் மேல் ஏறுவார். உச்சியை அடைந்ததும் எலுமிச்சை, பூ முதலியவற்றைக் கீழே எறிவார். குழந்தைப்பேறு வேண்டுவோர் அவற்றைப் பிடிப்பதற்குக் காத்திருப்பர்.

மரத்தில் ஏறுபவர் இசைக்குழுவைத் திரும்பிப் பார்க்க இயலாது. கீழே உள்ளவர்களும் இருளில் அவருடைய முகத்தைக் காண இயலாது. பாடலின் அடி முடியும் இடத்தைக் கேட்டே அவர் அடுத்த படிக்குக் கால் வைக்கிறார். அவருடைய மூச்சின் தளர்வைக் கேட்டே கீழே உள்ளவர்கள் பின்பாட்டை நீட்டுகின்றனர். இங்குக் கேட்டல் பாதுகாப்புக்கும் உரியதாகிறது.

இக்கதை செங்கல்பட்டுக் கடற்கரையில் கல்லிலும் உள்ளதாகக் கருதப்படுகிறது. மாமல்லபுரத்தில் ஏறத்தாழ 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் கொண்ட பல்லவர் காலப் புடைப்புச் சிற்பத் தொகுதி அருச்சுனன் தபசு என்று வழங்கப்படுகிறது. அது பகீரதன் தவத்தையும் கங்கை இறங்குவதையும் குறிக்கும் என்பது மற்றொரு கருத்து. மாமல்லபுரச் சின்னங்கள் 1984 ஆம் ஆண்டு யுனெசுகோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன.

உருமாற்றம்

கூத்தில் வேடம் என்பது தோற்றம் மட்டும் அன்று. சில பாத்திரங்கள் நடிகரை ஆட்கொள்ளும் வலிமை உடையவை என நம்பப்படுகிறது. பகடை துயில் என்னும் கூத்தில் திரௌபதியின் துகிலை உரியும் காட்சியில் கற்பூரம் ஏற்றி வழிபடுவர். இக்காட்சியில் நடிகரோ பார்வையாளரோ ஆவேசம் கொள்வதுண்டு. ரிச்சர்டு பிராசுக்கா 1990 ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். திரௌபதி வழிபாட்டை ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் 1988, 1991 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக எழுதினார்.

திருவிழாவின் பதினெட்டாம் போர் நாளின் பகலில் துரியோதனன் படுகளம் நிகழும். மண்ணால் செய்யப்பட்ட மிகப் பெரிய துரியோதனன் உருவம் திறந்த வெளியில் படுத்த நிலையில் அமைக்கப்படும். அதனைச் சுற்றி வீமன், துரியோதனன் வேடமிட்டவர்கள் பொருது ஆடுவர். துரியோதனன் வீழ்ந்தபின் திரௌபதி கூந்தலை முடிவாள். ஒப்பாரியும் மேளமும் ஒருங்கே எழும். இரவு முழுவதும் அமர்ந்து கேட்ட ஊரார் இப்போது எழுந்து நிற்கின்றனர்; அழுகின்றனர்; சிலர் அருள் வந்து ஆடுகின்றனர். பார்வையாளர் என்னும் நிலை இங்கு மறைகிறது. மாலையில் தீமிதி நடைபெறும்.

இவ்வேளைகளில் இசைஞரின் பொறுப்பு பெரிது. பம்பை, உடுக்கை முதலிய கருவிகளின் விரைந்த ஓசை அருள் வருவதற்குத் துணை செய்யும். அதே ஓசை அடங்குவது அருள் இறங்குவதற்குத் துணை செய்யும். ஆவேசம் எல்லை மீறும்போது இசையை நிறுத்தி, திருநீறு பூசி, நீர் தெளித்து, தாங்கிப் பிடித்து, ஆடுபவரை இயல்பு நிலைக்குக் கொண்டுவருவர். எப்போது வாசிப்பது என்பதோடு எப்போது நிறுத்துவது என்பதையும் அறிந்தவரே தேர்ந்த இசைஞர்.

ஓசைக்கும் அருளுக்கும் உள்ள இத்தொடர்பு கூத்துக்கு மட்டும் உரியது அன்று. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடும் இருளர் மக்கள் கன்னியம்மனை வழிபடும்போதும் பாட்டும் ஆட்டமும் அருள்வாக்கும் இணைந்தே நிகழ்கின்றன.

கற்கும் முறை

கூத்துக் குழு ஜமா என்றும் அதன் தலைவர் வாத்தியார் என்றும் அழைக்கப்படுவர். மரபாகச் சிறுவர்கள் தந்தையுடனோ உறவினருடனோ கூத்துக்குச் சென்று, களத்தின் ஓரத்தில் அமர்ந்தும், உறங்கியும், பின்பாட்டில் குரல் சேர்த்தும் கற்றனர். திரை பிடிப்பது, தாளம் போடுவது, சிறு வேடம் கட்டுவது, பின்னர் கட்டை வேடம் ஏற்பது எனப் படிகள் அமைந்தன. பேசத் தொடங்கும் முன் நெடுநாள் கேட்பது இம்முறையின் அடிப்படை. கூத்து நாடகங்கள் நூல்களாகவும் அச்சாகியுள்ளன. ஆயினும் நூல் பாடலின் சொல்லைத் தருமே அன்றி, அது எப்போது நிறுத்தப்பட வேண்டும் என்பதைத் தருவதில்லை.

1990 ஆம் ஆண்டு பெ. இராசகோபால், ஆன்னெ டெ புரூயின் ஆகியோர் கலைஞர்களுடன் இணைந்து கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் என்னும் ஊரில் இச்சங்கம் அமைந்துள்ளது. இதன் கட்டைக்கூத்துக் குருகுலம் 2002 முதல் 2020 வரை இயங்கியது. பள்ளிக் கல்வியும் கூத்தும் இங்கு இணைத்துக் கற்பிக்கப்பட்டன. அது வரை ஆண்களுக்கே உரியதாக இருந்த இக்கலையைச் சிறுமியரும் இங்குப் பயின்றனர். ஆண் குரலுக்கு அமைந்த சுருதிகளும் பின்பாட்டும் இதனால் புதிய குரல்களைக் கேட்கவேண்டியதாயிற்று.

திருவண்ணாமலை மாவட்டம் புரிசையில் நடேசத் தம்பிரான், கண்ணப்பத் தம்பிரான் வழியினர் தெருக்கூத்தை வளர்த்தனர். இவர்களது கூத்தால் ஈர்க்கப்பட்ட எழுத்தாளர் ந. முத்துசாமி 1977 ஆம் ஆண்டு சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். குரல், மூச்சு, உடல் ஆகியவற்றை ஒன்றாகக் கொள்ளும் கூத்தின் பயிற்சி இவ்வாறு நவீன நாடகத்துக்கும் சென்றது.

தமிழ் நூல்களில்

ஆடலில் கேட்டலின் இடம் பற்றிய குறிப்புகள் பழந்தமிழ் நூல்களிலும் உள்ளன. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று கூறி எட்டாக வகுக்கிறது. கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணர வல்லவர்க்கே மெய்ப்பாட்டின் பொருள் விளங்கும் என்னும் கருத்துடன் அவ்வியல் முடிகிறது. உடலில் தோன்றுவதை அறிவதற்குக் கண்ணுடன் செவியையும் சேர்த்தமை இங்குக் குறிப்பிடத்தக்கது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் ஆடலுக்கு முன் கருவிகள் இணையும் முறையை விளக்குகிறது. குழலைத் தொடர்ந்து யாழும், யாழைத் தொடர்ந்து தண்ணுமையும், தண்ணுமையைத் தொடர்ந்து முழவும் நிற்கின்றன. ஒவ்வொரு கருவியும் தனக்கு முன்னதைக் கேட்டே தன் இடத்தைப் பெறுகிறது. திருக்குறளில் 42 ஆம் அதிகாரம் 'கேள்வி' என்னும் தலைப்பில் அமைந்துள்ளது. அது அறிவுரைகளைக் கேட்பதைப் பற்றியதாயினும், செவிவழிப் பெறுவதைச் செல்வமாகக் கருதும் தமிழ் மரபைக் காட்டுகிறது.

பிற மரபுகளில்

பரதநாட்டியத்தில் பாடலின் ஓர் அடியைப் பாடகர் பலமுறை பாட, ஆடுபவர் ஒவ்வொரு முறையும் வேறுபட்ட அபிநயம் காட்டுவது சஞ்சாரி எனப்படும். இதில் புகழ்பெற்றவர் பாலசரசுவதி (1918–1984). இவர் வீணை தனம்மாளின் பேத்தி. இவருடைய தாயார் ஜெயம்மாள் இவருடைய ஆட்டத்துக்குப் பாடினார். பாலசரசுவதியும் பாடிக்கொண்டே அபிநயம் செய்வதுண்டு. பாடகரின் சங்கதி மாறும்போது கையும் கண்ணும் அதற்கேற்ப மாறுவது இசைக் குடும்பத்தில் பெற்ற கேள்வியின் பயனாகும்.

அமெரிக்காவில் 1972 ஆம் ஆண்டு இசுடீவ் பாக்சுடன் தொடங்கிய தொடுகை மனோதர்ம ஆட்டத்தில், இருவர் உடல் எடையைப் பகிர்ந்து, தொடும் புள்ளியை உணர்ந்தே அடுத்த அசைவைக் காண்கின்றனர். இவர்கள் தொடுகையால் அறிவதையும் 'கேட்டல்' என்றே குறிப்பிடுவர். இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோசு 1980களின் இறுதியில் 'ஆழ்ந்து கேட்டல்' என்னும் பயிற்சியை உருவாக்கினார். இவை தனியே வகுக்கப்பட்ட பயிற்சிகள். கூத்தில் கேட்டலுக்குத் தனிப் பயிற்சி வகுப்பு இல்லை. அது தொழிலின் உள்ளேயே அடங்கியது.

2010களின் பிற்பகுதியில் கட்டைக்கூத்துக் கலைஞர்களும் கருநாடக இசைக் கலைஞர்களான டி. எம். கிருஷ்ணா, சங்கீதா சிவக்குமார் ஆகியோரும் இணைந்து ஒரே மேடையில் நிகழ்ச்சிகளை வழங்கினர். அமர்ந்து பாடும் இசைக்கும், ஓடியாடிப் பாடும் இசைக்கும் உரிய இரு வேறு கேட்கும் முறைகள் இந்நிகழ்ச்சிகளில் எதிரெதிரே நின்றன.

மாற்றங்களும் சிக்கல்களும்

ஒலிபெருக்கியின் வரவு கூத்தில் கேட்கும் முறையைப் பெரிதும் மாற்றியது. பெருங்கூட்டத்துக்கும் சொற்கள் தெளிவாகக் கேட்பது இதன் நன்மை. குரலுக்கு ஏற்படும் சுமையும் குறைந்தது. ஆனால் ஒலிவாங்கி ஓரிடத்தில் நிறுத்தப்படுவதால் பாடும் நடிகர் அதனருகிலேயே நிற்க நேர்கிறது, ஆட்டப்பரப்பு சுருங்குகிறது. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 34 மீட்டர் தொலைவில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை பத்தில் ஒரு நொடி தாமதமாகவே களத்தை அடையும். விரைவான தாளத்தில் இத்தாமதம் அடிகளைக் குழப்பப் போதுமானது. ஆதலால் நடிகர் உரத்த ஓசையைப் புறக்கணித்து, அருகிலுள்ள மெல்லிய ஓசையைத் தேடிக் கேட்க வேண்டியுள்ளது.

நேரமும் மற்றொரு சிக்கல் ஆகும். 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்துவதைத் தடை செய்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். உறக்கத்தையும் உடல்நலத்தையும் காப்பது இவ்விதிகளின் நோக்கம். ஆனால் கூத்து தொடங்கும் நேரமே தடை தொடங்கும் நேரமாக அமைகிறது.

விழா மேடைகளில் கூத்து ஓரிரு மணி நேரமாகச் சுருக்கப்படுவதும் உண்டு. குறுகிய நேரத்தில் பாடல்களின் எண்ணிக்கையையும் ஆட்டத்தின் நீளத்தையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டியுள்ளது. இதனால் புதிய பார்வையாளர் கிடைக்கின்றனர். கலைஞருக்கு வருவாயும் கிடைக்கிறது. எனினும் பார்வையாளரின் சலிப்பையும் ஆர்வத்தையும் கேட்டு ஆட்டத்தை வளர்ப்பதற்கோ குறைப்பதற்கோ வாய்ப்பு குறைகிறது. நள்ளிரவுக்குப் பின் களைப்பினூடே ஒருவரை ஒருவர் தாங்கும் பின்பாட்டுக்கும் அங்கு இடம் இல்லை.

பாடல்களையும் நிகழ்ச்சிகளையும் ஒலிப்பதிவாகவும் காணொளியாகவும் சேமிக்கும் முயற்சிகள் பயனுள்ளவை. மறைந்த கலைஞர்களின் குரலும் அடவும் அவற்றால் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கின்றன. ஆனால் பதிவான இசைக்கு நடிகரின் சலங்கை கேட்காது. அவர் மூச்சு தளரும்போது அது பின்பாட்டை நீட்டாது. கூத்தில் கேட்டல் ஒருவரிடம் மட்டும் இருக்கும் திறன் அன்று என்பதால், அது நிலைப்பதற்கு ஒரு ஜமாவும், ஓர் ஊரும், விடியும் வரை நீளும் ஓர் இரவும் தேவைப்படுகின்றன.